காளானுக்கு முன் மரத்தைப் பாருங்கள்

மழைக்காலத்தில் ஊட்டியைச் சுற்றியுள்ள பைன் தோப்புகளில் சிவப்புக் குடையும் வெண்புள்ளிகளுமாக ஒரு காளான் முளைக்கிறது. சுற்றுலாப் பயணிகள் ஆசையாகப் படமெடுக்கும் இந்த அமானிட்டா மஸ்காரியா, மூளையைத் தாக்கும் ஐபோட்டெனிக் அமிலமும் மஸ்கிமோலும் கொண்ட நச்சுக் காளான். கனமழை பெய்தால் புள்ளிகள் கழுவப்பட்டுவிடும். வெயில் பட்டால் சிவப்பும் வெளிறும். ஆனால் அது வாழும் இடம் அப்படி மாறுவதில்லை. மரவேரைப் போர்த்திக்கொண்டு நீரும் தாதுவும் கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை பெறும் பூஞ்சை அது. மெக்சிகோவிலிருந்து வந்த பைனஸ் பட்டுலா என்னும் பைன் மரத்தின் வேர்களில் நீலகிரியில் அது கூட்டுவாழ்வு நடத்துவதை ஆய்வாளர்கள் மோகன், நடராஜன், இங்கிள்பி ஆகியோர் 1993-இல் விவரித்தார்கள். சோலைக்காட்டு மரங்களில் பெரும்பாலானவையோ குடைக்காளான் விடாத வேறு வகைப் பூஞ்சைகளோடு இணைந்தவை. ஆகவே காளானை இனங்காணும் வேலை குடையின் நிறத்தில் அல்ல, அது நிற்கும் மரத்தடியில் தொடங்க வேண்டும்.

பரம்பரை அறிவு போதாதா என்று கேட்கலாம். கறையான் புற்றில் எழும் காளானை இனங்கண்டு உண்ணும் மக்கள் பார்ப்பது புற்றையும் பருவத்தையும்தான். வாழிடமே அங்கும் முதல் சான்று. ஆனால் அந்த அறிவு பழகிய காட்டுக்கு உரியது. கற்பூர மரமும் சீகையும் பைனும் இந்த மலைக்கு வந்து இரு நூற்றாண்டுகூட ஆகவில்லை. அவற்றின் அடியில் முளைப்பவற்றுக்குப் பழைய அனுபவத்தை அப்படியே பொருத்துவது ஆபத்து. கைப்பேசிச் செயலி இருக்கிறதே என்பது அடுத்த வாதம். மேலிருந்து எடுத்த படத்தில் மண்ணுக்குள் புதைந்த தண்டின் அடிப்பையோ வித்துத்தூளின் நிறமோ தெரியாது. வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் நஞ்சில்லை, பூச்சி கடித்திருந்தால் நல்லது என்ற நம்பிக்கைகளுக்கும் ஆதாரமில்லை.

தவறின் விலையை அசாம் காட்டியது. அங்கே 2022 ஏப்ரலில் காட்டுக் காளான் உண்டு 13 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். அமாட்டாக்சின் என்னும் கொடிய காளான் நஞ்சு சமைத்தாலும் அழியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேலாகலாம். பிறகு தேறியது போலத் தோன்றும்போதே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். குன்னூர், கோத்தகிரித் தோட்டக் குடியிருப்புகளுக்கும் இது பொருந்தும் பாடம். எந்த மரத்தடியில் எது முளைக்கிறது என்ற படக்கையேட்டை வனத்துறையும் கல்லூரித் தாவரவியல் துறைகளும் தமிழில் தயாரித்துத் தோட்ட மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் தர வேண்டும். அதுவரை, தெரியாத காளானைச் சட்டியில் போடாமலிருப்பதே அறிவு.