ஐந்து முதல்வர்களும் ஓர் ஆச்சியும்

மயிலாப்பூரில் ஒரு சிறிய அரங்கில் பழைய நடிகர் ஒருவரைப் பற்றிய ஆவணப்படம் திரையிட்டார்கள். என் மாணவிகள் நான்கு பேரோடு போயிருந்தேன். பல படங்களில் அவருக்கு அக்காவாகவும் அம்மாவாகவும் நடித்த ஓர் அம்மையார் திரையில் தோன்றி, "எங்களையெல்லாம் கூடப்பிறந்தவங்க மாதிரி பாத்துக்கிட்டாரு" என்றார். ஒரு நிமிடம்கூட இருக்காது, காட்சி மாறிவிட்டது. வெளியே வந்ததும் ஒருத்தி கேட்டாள்: "மேடம், அந்தம்மா பேரு என்ன?"

குணச்சித்திர நடிகை கதைப்படத்தில் நாயகனுக்குத் தாய். ஆவணப்படத்தில் அவன் பெருமைக்குச் சாட்சி. கதைப்படமாவது தன்னைக் கதை என்று ஒப்புக்கொள்கிறது. உண்மையைப் பதிவு செய்கிறேன் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் அவளை அதே முக்காலியில்தான் உட்காரவைக்க வேண்டுமா?

மனோரமாவையே எடுத்துக்கொள்வோம். தி. நகரில் வாழ்ந்து 2015 அக்டோபர் 10 அன்று மறைந்தார். அவரைப் பற்றிய அஞ்சலிப் படங்களும் நினைவு நிகழ்ச்சிகளும் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தார், ஐந்து முதல்வர்களோடு நடித்தார். அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆர். என்று விரல்விட்டு எண்ணுகிறார்கள். அது அந்த ஐவரின் வரலாறு. ஆச்சியின் வரலாறு எங்கே?

மன்னார்குடியில் கோபிசாந்தாவாகப் பிறந்து, பள்ளத்தூரில் வறுமையில் வளர்ந்து, நாடக மேடை வழியாக 1958இல் 'மாலையிட்ட மங்கை'க்கு வந்த பெண் அவர். பத்தே ஆண்டுகளில், 'தில்லானா மோகனாம்பா'ளில் ஜில் ஜில் ரமாமணி. நாடகக்காரியாக வாழ்ந்தவர் ஒரு நாடகக்காரியை நடிக்கிறார். அந்த நடையில், அந்தச் சிரிப்பில், தான் பார்த்த எந்தெந்தப் பெண்களைக் கொண்டுவந்து வைத்தார்? அதே 1968இல் 'பொம்மலாட்ட'த்தில் மெட்ராஸ் பாஷையில் சொந்தக் குரலில் பாடுகிறார். செட்டிநாட்டில் வளர்ந்த காது சென்னையின் தெருத் தமிழை எப்படிப் பிடித்தது? யாரிடம் கேட்டுப் பழகினார்? வட்டார வழக்கு பற்றி முதுகலை வகுப்பில் பாடம் எடுக்கிறவள் நான். எனக்கு வேண்டியது இந்தப் பதில்கள். கையில் இருப்பதோ ஐந்து முதல்வர்கள்.

போதாததற்கு 'பெண் சிவாஜி' என்றொரு பட்டம். சிவாஜியை 'ஆண் மனோரமா' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

"அவரே எல்லோரையும் புகழ்ந்துதானே பேசினார்" என்பார்கள். பேசாமல் என்ன செய்வார்? சக நடிகரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டினால், வாய்ப்பை நம்பிப் பிழைக்கிற யாரும் அதைத்தான் சொல்வார்கள். சம்பளம் என்ன, நகைச்சுவை வசனத்தில் உங்கள் பங்கு எவ்வளவு, ஜோடியாக நடித்த ஆணுக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டிருந்தால் அல்லவா வேறு பதில் வரும்!

கேட்க முடியும் என்று காட்டியவர் ரோகிணி. குழந்தை நட்சத்திரமாக வேலை பார்த்தவர், இன்று நாம் நன்கறிந்த குணச்சித்திர நடிகை. 'பம்பாய்' மனிஷாவுக்கும் 'இருவர்' ஐஸ்வர்யாவுக்கும் குரல் கொடுத்தவர். இன்னொரு பெண்ணின் முகத்துக்குள் இருந்து பேசிப் பழகியவர், 2008இல் 'சைலண்ட் ஹியூஸ்' என்ற 50 நிமிட ஆவணப்படத்தை இயக்கினார். சினிமாவில் உழைக்கும் குழந்தைகளைப் பற்றியது. நட்சத்திர மகிமையை விட்டுவிட்டு, தான் கடந்துவந்த வேலையிடத்தின் பக்கம் கேமராவைத் திருப்பினார். என் வகுப்பில் 40 பேரிடம் கேட்டேன், ஒருத்தியும் கேள்விப்பட்டிருக்கவில்லை. அடையாறில் பிலிம் இன்ஸ்டிட்யூட்டை ஒட்டியே வளர்ந்த பெண்ணுக்கும் தெரியவில்லை.

2024இல் கேரளத்தில் ஹேமா கமிட்டி அறிக்கை வெளியான பிறகு, நம் நடிகர் சங்கத்தின் புகார்க் குழுவுக்குத் தலைமை ஏற்று, பெண்களே வந்து சொல்லுங்கள் என்று அழைத்தவரும் இதே ரோகிணிதான். நடிகையைத் தொழிலாளியாகப் பார்க்கத் தெரிந்தவருக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் இருந்திருக்கும்.

பெயர் கேட்டாளே ஒருத்தி, அவள் அந்த அம்மையாரைத் தேடிப்பிடித்துவிட்டாள். வருகிற ஞாயிறு சாலிகிராமத்தில் செல்போனில் பதிவு செய்யப் போகிறாள். கேள்விகளை என்னிடம் காட்டினாள். முதல் சம்பளம் எவ்வளவு, அதை யார் வாங்கிக்கொண்டார்கள்? அவுட்டோரில் புடவை மாற்ற இடம் இருந்ததா? முதன்முதலில் அம்மா வேடத்துக்குக் கூப்பிட்டபோது உங்களுக்கு என்ன வயது, நாயகனுக்கு என்ன வயது?

எட்டாவதாக அந்த நடிகரைப் பற்றி ஒரு கேள்வி எழுதியிருந்தாள். அதை மட்டும் அடிக்கச் சொன்னேன்.