அறுபது வயது ஆகட்டும் என்று காத்திருக்க முடியாது

2017 ஏப்ரலில் டெல்லி பிரகதி மைதானத்தில் இருந்த ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ அரங்கம் இடித்துத் தள்ளப்பட்டது. சுதந்திரத்தின் வெள்ளிவிழாவையொட்டி 1972இல் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவாலும் பொறியாளர் மகேந்திர ராஜும் எழுப்பியது அது. எஃகுக்குச் செலவழிக்க வசதியில்லாத நாடு, கான்கிரீட்டையே முக்கோண முக்கோணமாகக் கோத்து, நடுவில் ஒரு தூண்கூட இல்லாத பேரரங்கத்தைத் தொழிலாளிகளின் கைவேலையால் கட்டிக் காட்டியது. அதைக் காக்க நீதிமன்றம் வரை போராடினார்கள். மரபுக் கட்டடக் குழுவோ 60 ஆண்டு நிறைந்தவற்றையே பரிசீலிக்க முடியும் என்றது. அரங்கத்துக்கு அப்போது வயது 45.

சென்னை இதைத் தனக்கான எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

மரபு என்றதும் இந்த நகரத்தில் நினைவுக்கு வருபவை சிவப்புச் செங்கல் கட்டடங்கள்தாம். 1892இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றம், 1908இன் எழும்பூர் ரயில் நிலையம், செனட் இல்லம். ‘வெள்ளைக்காரன் கட்டியதை நாம் ஏன் கட்டிக்காக்க வேண்டும்?’ என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வரைபடம் போட்டவர்கள் சிசோம், இர்வின் போன்ற பிரிட்டிஷார் என்பது உண்மை. கட்டியவர்கள் யார்? உயர் நீதிமன்றமும் விக்டோரியா பொது மண்டபமும் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியாரின் ஒப்பந்த வேலை. 1913இல் திறந்த ரிப்பன் மாளிகையைக் கட்டியவர் லோகநாத முதலியார். எழும்பூர் நிலையத்தைக் கட்டியவர் சாமிநாத பிள்ளை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பை அரைத்துப் பூசிய கொத்தனாரும், தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக அடுக்கி மெட்ராஸ் டெரஸ் தளம் போட்டவரும் இந்த மண்ணின் தொழிலாளிகள். அவர்களுடைய கைத்திறனுக்கு நம்மிடம் மிஞ்சியிருக்கும் சான்று இந்தச் சுவர்கள்தாம்.

அந்தச் சான்றையே நாம் ஒழுங்காகக் காக்கவில்லை. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது; அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் எழுந்துவிட்டது. அண்ணா சாலையில் 1897இல் கட்டப்பட்ட பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை அதன் உரிமையாளரான பொதுத்துறை நிறுவனமே 2006இல் இடிக்கத் தொடங்கியது. மரபுக் காப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றம் சென்று அதைத் தடுத்தது. 2010இல் உயர் நீதிமன்றம், நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த நானூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களின் பட்டியலைச் சுட்டிக்காட்டி, அவற்றைக் காக்க நிபுணர் குழு அமைக்க உத்தரவிட்டது. தீர்ப்புக்குப் பிறகும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் ஆண்டுக்கணக்கில் கூரை உடைந்து, சுவரில் செடி முளைத்துக் கிடந்தது. இடிக்கத் தடை வாங்கினால் மட்டும் கட்டடம் பிழைத்துவிடாது. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டத்தைச் சட்டமன்றம் 2012இல் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 2024இல். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் மண்ணடியிலும் மயிலாப்பூரிலும் எத்தனை திண்ணை வீடுகள் அடுக்குமாடிகளாயின என்பதை அந்தத் தெருக்களில் குடியிருப்பவர்கள் அறிவார்கள்.

நூறு வயதுக் கட்டடத்தின் கதி இது என்றால், அதைவிட இளையதைக் கேட்பார் இல்லை. பாரிமுனையில் 1940இல் எழுந்த டேர் ஹவுஸைப் பாருங்கள். தோரணமும் கும்மட்டமும் இல்லை. சீரான கோடுகளே அழகு. அந்தக் காலத்து ஆர்ட் டெகோ பாணி திரையரங்குகளிலும் தியாகராய நகர் வீடுகளிலும் வளைந்த பால்கனியாகவும் ஜன்னலுக்கு மேல் நீளும் வெயில் தடுப்பாகவும் இறங்கியது. படித்து வேலைக்கு வந்த நடுத்தரக் குடும்பங்கள் முதன்முதலில் சொந்தமாக எழுப்பிக்கொண்ட நவீனம் அது. 1959இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம் அன்று நாட்டிலேயே உயரமானது: 177 அடி. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் கனவு கண்டு தொடங்கிய அதை எல்.எம்.சித்தாலே முடித்துக் கொடுத்தார். திரையில் அந்தக் கட்டடம் தெரிந்தால் கதை பட்டணத்துக்கு வந்துவிட்டது என்று தமிழ்நாடு முழுவதும் புரிந்துகொண்டது. இவையும் மரபுதான். ஒரு கட்டடத்தின் தகுதியை அதன் வயதை வைத்து மட்டும் அளப்பது, பழையதாகும் வாய்ப்பையே அதற்கு மறுப்பதாகும்.

உரிமையாளர்களின் தரப்பும் நியாயமானது. நாலு பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீடு, ஒழுகும் தளம், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்காத நிலை. பக்கத்திலேயே புரமோட்டர் பணத்தோடு நிற்கிறார். இந்த நிலையில் ‘இடிக்காதே’ என்று நோட்டீஸ் மட்டும் அனுப்பினால், பட்டியலில் பெயர் வருவதையே உரிமையாளர் தண்டனையாக எண்ணுவார். இரவோடு இரவாக இடிக்கவும் துணிவார். மும்பை 1995இலேயே மரபுக் கட்டடங்களுக்குத் தனி விதிகள் வகுத்தது. கட்ட முடியாமல் போகும் தளப்பரப்பு உரிமையை வேறு இடத்துக்கு மாற்றி விற்கவும் உரிமையாளருக்கு வழி செய்தது. அந்த நகரின் கோதிக், ஆர்ட் டெகோ கட்டடத் தொகுதி 2018இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறியது. ஆர்ட் டெகோ அங்கே உலகச் சொத்து; இங்கே அது ‘பழைய பில்டிங்’.

பணமும் திறனும் இல்லை என்ற சாக்கும் செல்லாது. சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரியில் தீக்கிரையானது. தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரையே கொடுத்தார். கூரை சரிந்த அந்தக் கட்டடத்தைப் பொதுப்பணித்துறை பழைய முறைப்படியே சுண்ணாம்பு அரைத்து மீட்டெடுத்தது. இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. வழக்காடுவோர் வந்துபோகும், மின்விசிறி சுழலும் இடமாக அது உயிரோடு இருக்கிறது.

ஆகவே மரபு ஆணையம் மூன்று காரியங்களைத் தாமதமின்றிச் செய்ய வேண்டும். 1930கள் முதல் 1970கள் வரையிலான கட்டடங்களைத் தெருத்தெருவாகக் கணக்கெடுத்து, வயது வரம்பு பாராமல் பட்டியலிட வேண்டும். பட்டியலில் வரும் தனியாருக்குச் சொத்துவரிச் சலுகையும் தளப்பரப்பு உரிமை மாற்றமும் அலைச்சல் இல்லாமல் கிடைக்கச் செய்ய வேண்டும். சுண்ணாம்பு, மரவேலை தெரிந்த கைவினைஞர்களைக் கொண்டு அடுத்த தலைமுறைக்குப் பயிற்சி தொடங்க வேண்டும். அதுவரை, அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் வசமுள்ள எந்தப் பழைய கட்டடத்தையும் ஆணையத்தின் ஒப்புதல் இன்றி இடிக்கக் கூடாது என்று அரசு இப்போதே ஆணையிட வேண்டும்.