பாட்டிலைக் கேட்டவர்கள் தண்ணீரைக் கேட்கவில்லை

தோழர்களே,

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே நான் வேலை செய்யும் ஒரு குடியிருப்பு. அங்கே ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரான ஒரு அண்ணனுக்குப் பத்து நாளாகக் காய்ச்சல். வலது விலாவுக்குக் கீழே கை வைக்க முடியாத வலி. மருத்துவமனையில் முதல் கேள்வியே, "குடிப்பியா?" நாற்பது வயதுக்காரரிடம் ஒருமையில். "ஆமா" என்றார். ஒரு ஊசி, நாலு மாத்திரை, "குடியை நிறுத்து" என்று ஒரு உபதேசம். ஸ்கேன் எடுக்கவில்லை. ஐந்து நாளில் கல்லீரலில் இருந்த சீழ்க்கட்டி வயிற்றுக்குள் உடைந்தது. மதுரைக்குக் கொண்டுபோய், வயிற்றைத் திறந்து கழுவித்தான் உயிரைக் காப்பாற்றினார்கள்.

நம் நாட்டில் இந்தக் கட்டி பெரும்பாலும் அமீபாவால் வருவது. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் மெட்ரோனிடசோல் என்ற விலை குறைந்த மாத்திரையிலேயே பெரும்பாலும் குணமாகும். கட்டி பெரிதானால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியாலோ குழாயாலோ சீழை எடுக்கலாம். கத்தி தேவைப்படுவது பெரும்பாலும் கட்டி உடைந்த பிறகுதான். பல நேரம் அறுவை சிகிச்சை என்பது தாமதத்துக்கு நம் ஆட்கள் கொடுக்கும் விலை.

குடிக்கும் ஆண்களிடம் இந்த நோய் அதிகம். அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் அமீபா வருவது மனித மலம் கலந்த தண்ணீரிலிருந்தும் உணவிலிருந்தும். ஊரார் மலத்தை அள்ளுவது யார்? சாக்கடைக்குள்ளேயே குடிநீர்க் குழாய் ஓடுவது யார் தெருவில்? 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரிந்தபோது தமிழகமே அதிர்ந்தது. குழாய் விரிசல் வழியே அன்றாடம் கலப்பதற்கு யாரும் அதிர்வதில்லை.

"காய்ச்சிக் குடியுங்கள்" என்கிறார்கள். சரியான அறிவுரைதான். வழக்கமாகப் போடும் குளோரினுக்கு அமீபாவின் கூடு எளிதில் சாகாது, கொதிக்க வைத்தால் சாகும். ஆனால் அந்த கேஸ் செலவு தினக்கூலிக்காரர் தலையில்தானே விழுகிறது? குழாயைச் சாக்கடையிலிருந்து மாற்றிப் போடுவது அரசின் வேலை.

எனவே மூன்று காரியம் செய்யுங்கள். காய்ச்சலோடு வலது பக்க வலி என்றால், கூடப் போய் ஸ்கேன் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாத வீடுகளைக் கணக்கெடுத்து வாங்கிக் கொடுங்கள். உங்கள் தெருக் குடிநீரின் பரிசோதனை முடிவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

அண்ணன் வேலைக்குத் திரும்பிவிட்டார். வயிற்றில் ஒரு சாண் தழும்பு. அவர் வீட்டுக் குழாய் இன்னும் அதே சாக்கடைக்குள்தான் ஓடுகிறது.

ஜெய் பீம்.