படகின் புகைக் குழாய்

உதகையில் கலெக்டர் ஸல்லிவன் 1820-களில் உண்டாக்கிய ஏரியில் மோட்டார் படகேறி மகிழாத பெருமாநல்லூர்க் குடும்பம் அரிது. மேனாட்டிலோ சொந்தப் படகுக்காரர் சிலர், உறுமல் போதவில்லையென்று புகைக் குழாயையே மாற்றுகின்றனர். விசித்திர ஆசைதான்!

உள்ளே யந்திரம் அமைந்த படகுகள் பலவற்றில், யந்திரத்தைக் குளிர்வித்த ஜலமே புகையோடு கலந்து வெளியேறும். சூடும் சத்தமும் அதனால்தான் அடங்குகின்றன. புதுக் குழாய் வெளிவாயை நோக்கிச் சரிந்திராவிடில் ஜலம் திரும்பி யந்திரத்துள் புகும். அதையாவது பழுதுபார்க்கலாம். இணைப்பில் கசியும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பவல் ஏரியில், படகு வீட்டின் பின்தட்டுக்கு அடியில் தேங்கிய ஜெனரேட்டர் புகைக்குச் சகோதரச் சிறுவர் இருவர் பலியாயினர். மின்வெட்டு நேரத்தில் நம் பனியன் கம்பெனிகளில் ஓடும் ஜெனரேட்டரும் கக்குவது அதே வாயுவைத்தான்.