உயிர் போன பிறகா பழுது பார்ப்பது?

தொழிலாளத் தோழர்களே!

மழுங்கிய கத்தியோடு எந்தப் பால்வெட்டுத் தொழிலாளியாவது நிரைக்குப் போவதுண்டா? மரத்தின் பட்டையில் காயம் பட்டால் மேலதிகாரிதான் சும்மா விடுவாரா? மரத்தின் காயத்துக்குக் கணக்குக் கேட்கும் முதலாளி உலகம், இயந்திரத்தின் காயத்துக்கு என்ன கணக்கு வைத்திருக்கிறது?

நான் குடியிருக்கும் பொங்கோல் சிங்கப்பூரின் வடகிழக்கு மூலை; துவாஸ் மேற்கு மூலை. அங்கே ஒரு தொழிற்சாலையில் 2021 பிப்ரவரி 24 அன்று கலவை இயந்திரம் வெடித்தது. மூவர் மாண்டனர். ஒருவர் இந்தியத் தொழிலாளி, இருவர் வங்காளதேசத்தவர். அவர்கள் செய்து வந்த பொருள் என்ன தெரியுமா? தீயைத் தடுக்கும் களிமண்! தீத்தடுப்புப் பொருள் செய்தவர்களையே தீ தின்றது!

விசாரணைக் குழு அமர்ந்தது, உண்மை வெளிவந்தது. இயந்திரத்தைச் சுற்றியிருந்த உறையில் எண்ணெய் சூடேற்றப்பட்டது. அழுத்தம் வெளியேற வழியில்லை. உறை கிழிந்தது. சிதறிக் கிடந்த உருளைக்கிழங்கு மாவுத்தூளும் பற்றி எரிந்தது.

இது திடீர் விபத்தா? இல்லை! முன்பே எண்ணெய் கசிந்தது. சூடேற்றிகள் கெட்டன. அதே மாதம் 12-ஆம் தேதி சிறு தீயும் மூண்டது. இயந்திரம் வாய்விட்டு அலறியது, கேட்கத்தான் காதில்லை!

“பழுது பார்த்தோமே” என்பார்கள் நிர்வாகிகள். இயந்திரம் மறுபடி ஓடியதா என்பதல்ல அளவுகோல். அதே பழுது மறுபடி வந்ததா என்பதே அளவுகோல்! மீண்டும் வந்தால், நடந்தது பராமரிப்பு அல்ல, ஒட்டுப்போடும் வேலை.

நான் கிராணி. ஏட்டின் அருமையும் அறிவேன். ஏட்டின் பொய்யும் அறிவேன். “சரி” என்று கையெழுத்திட அரை நிமிடம் போதும். அந்தக் கையெழுத்து எந்த உருளையையும் நிறுத்தாது. எந்த விரலையும் காக்காது.

ஆகவே ஸ்டோராயினும் ஆலையாயினும் நாம் கேட்பது நான்கு:

1. தொழிலாளி சொன்ன குறை, தேதியோடு, அவர் சொன்னபடியே ஏட்டில் ஏறவேண்டும்.
2. ஒரே பழுது இரண்டாம் முறை வந்தால், தகுதியுள்ள பொறியாளர் பார்க்கும்வரை இயந்திரம் ஓடக்கூடாது.
3. நின்ற நேரத்துக்குக் கூலி பிடிக்கக்கூடாது.
4. பராமரிப்பை மதிப்பிடும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதி இருக்கவேண்டும்.

“இயந்திரம் நின்றால் நட்டம்” என்பீர்களா? நின்ற இயந்திரம் நாளை ஓடும். நின்ற மூச்சு ஓடுமா?

கிராணித் தோழரே, பார்க்காததற்குக் கையெழுத்திடாதீர்! தொழிலாளத் தோழரே, கண்ட குறையைச் சொல்லாமல் விடாதீர்! சொல்பவர் தனியாக நிற்காமல் பார்த்துக்கொள்ளத்தான் சங்கம் இருக்கிறது.

— பொங்கோல் கிராணி