தீயில் பிறந்த பழமொழி



ஒரு அவுன்ஸ் தடுப்பு, ஒரு பவுண்டு சிகிச்சைக்குச் சமம் என்றோர் ஆங்கிலப் பழமொழி உண்டு. 16 அவுன்ஸ் சேர்ந்தது ஒரு பவுண்டு. தடுப்பூசி, சர்க்கரை நோய், பல் வலி என்று உடம்பைப் பற்றிய பேச்சில்தான் இதை அதிகம் கேட்டிருப்போம். பெஞ்சமின் பிராங்க்ளின் இதை எழுதியபோது அவர் மனத்தில் இருந்ததோ தீ.

1735 பிப்ரவரியில், பிலடெல்பியாவில் தாம் நடத்திவந்த ‘பென்சில்வேனியா கெஜட்’ இதழில், ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுதுவதுபோல, இந்தப் பழமொழி இடம்பெற்ற ஒரு கடிதம் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 29. அந்தக் கடிதத்தில் என்னைக் கவர்ந்தவை அதன் சின்னச் சின்ன விவரங்கள். கனலும் கரியைத் திறந்த கரண்டியில் எடுத்துக்கொண்டு மாடி ஏறாதீர்கள், மூடியுள்ள பாத்திரத்தில் கொண்டுபோங்கள் என்கிறார். இடுக்கில் விழுந்த நெருப்புத் துண்டு நள்ளிரவு வரை கண்ணில் படாமலே கிடக்கும். விழித்துப் பார்த்தால் படிக்கட்டு எரிந்துகொண்டிருக்கும். வீட்டைக் கட்டிக் காக்கும் ஒருவரின் அக்கறை இது.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. அடுத்த ஆண்டே யூனியன் தீயணைப்புக் குழுவைத் தொடங்கினார். சுமார் 30 பேர் சேர்ந்தார்கள். தண்ணீருக்குத் தோல் வாளிகள், சாமான்களை அள்ளிப்போடப் பைகள் என ஒவ்வொருவரும் தம் வீட்டில் தயாராக வைத்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை கூடினார்கள், வராதவருக்கு அபராதம். அந்தச் சில்லறைப் பணம் பின்னாளில் ஏணியும் தீயணைப்பு எந்திரமும் வாங்க உதவியது. மேலும் பலர் சேர வந்தபோது, நீங்களே ஒரு குழு தொடங்குங்கள் என்று சொன்னார்கள். அப்படியே ஊரெங்கும் குழுக்கள் முளைத்தன.

இந்தப் பழமொழியை நாம் தனி மனிதருக்கான புத்திமதியாகச் சுருக்கிவிட்டோம் என்பது என் வருத்தம். அதைச் சொன்னவர் தெருவையே சேர்த்துக்கொண்டு நடந்தார். அடுத்த வீட்டில் பற்றும் தீ நம் கூரைக்கும் வரும் அல்லவா? வருமுன் காப்பதைச் சொல்லும் 435ஆவது குறளில் வள்ளுவர் எடுத்துக்கொண்டதும் தீயைத்தான்.

கரிக் கரண்டி நம் சமையலறையில் இல்லை. கேஸ் அடுப்பு இருக்கிறது. சிலிண்டரையும் அடுப்பையும் இணைக்கும் ரப்பர் குழாயை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எப்போது வாங்கியது என்று நினைவில்லையானால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். இரவு படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுங்கள். பக்கத்து வீட்டில் வயதானவர்கள் தனியாக இருந்தால், அவர்கள் அடுப்பையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்