வாலைப் பாருங்கள், சாமி!

கடந்த மாசி மாதத்தில் நோயுற்ற முதியவர் ஒருவரைச் சந்திக்க நேமத்தான்பட்டிக்குச் சென்றிருந்தோம். திரும்பும் வழியில் கண்மாய்க் கரையில் சிறு கூட்டம். புல்லறுக்கச் சென்ற சிறுவர்கள் புதருக்குள் கிடந்த இரண்டு குட்டிகளைச் சாக்குப்பையில் எடுத்து வந்திருந்தனர். உடலெங்கும் கருங்கோடுகளும் புள்ளிகளும். "சிறுத்தைக் குட்டி" என்றார் ஒருவர். தாய் தேடி வருமுன் இவற்றை அடித்துப் போடுவதே நல்லது என்றார் மற்றொருவர். அவர் கையில் கம்பும் இருந்தது.

நமக்கோ சற்று நூலறிவு உண்டு. "இது சிறுத்தையன்று, துருப்புள்ளிப் பூனை" என்று உறுதிபடக் கூறினோம். அப்பூனையைப் பற்றி அண்மையில்தான் படித்திருந்தோம். 1831-இல் பிரெஞ்சு அறிஞர் ஜெஃப்ருவா அதற்கு அறிவியற் பெயர் சூட்டியது, நம் புதுச்சேரியில் கிடைத்த ஒன்றைக் கொண்டுதான். இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் அது இல்லை. முழுதும் வளர்ந்தாலும் ஒன்றரைக் கிலோ அளவே நிற்கும். வற்றிய குளத்துப் புல்லிலும் ஊரோரப் புதரிலும் அது வாழ்வதாக ஜெர்டன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1867-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார். கண்மாயும் புதரும் கண்முன்னே இருக்க, வேறென்ன சான்று வேண்டும்?

மந்தையோடு நின்ற கீதாரி ஒருவர் மெல்ல முன்வந்தார். "வாலைப் பாருங்கள், சாமி" என்று குட்டியின் வாலை விரல்மேல் எடுத்துக் காட்டினார். நுனியில் கருவளையங்கள்! "இது காட்டுப்பூனை. குட்டியில் கோடு இருக்கும்; வளர வளர மங்கிவிடும்."

அவர் கூற்றே சரி. வளர்ந்த காட்டுப்பூனை மணல் நிறமாய், கோடின்றி, நெடுங்கால்களுடன் நிற்கும். காது நுனியில் சிறு கருமயிர்க் கற்றை. குறுகிய வாலின் நுனியில் வளையங்கள். துருப்புள்ளிப் பூனைக்கோ தலையில் நான்கு கருங்கோடுகள் பிடரி வரை ஓடும். சாம்பல் உடலில் துருநிறப் புள்ளிகள் என்றும் மறையா. வாலில் தெளிந்த வளையமில்லை. ஆகவே, வளர்ந்த துருப்புள்ளிப் பூனையைக் குட்டியென்று எண்ணி வீட்டுக்குத் தூக்கி வருவதும் எளிதில் நேரக்கூடிய பிழையே. மலைக்காடுகளில் வாழும் சிறுத்தைப்பூனையின் வாலில் புள்ளிகள் உண்டு. அதை நம் செட்டிநாட்டுப் பொட்டலில் தேட வேண்டியதில்லை.

வெருகு என்று முன்னோர் அழைத்தது காட்டுப்பூனையைத்தான். வெருகின் இளமையைக் குட்டி எனலாம் என்று தொல்காப்பிய மரபியலும் இசைவு தருகிறது. அது கோழியைத் தூக்கும் என்பது உண்மை. அந்த வருத்தத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதன் முதன்மையான இரை வயலெலி. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்விரு பூனைகளையும் காக்கிறது என்று கூறியதும் கம்பு கீழே இறங்கியது.

"எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். தாய் இரை தேடப் போயிருக்கும், இருட்டியதும் வரும்" என்றார் கீதாரி. சிறுவர்கள் அவ்வாறே வைத்தனர். கூட்டம் கலையும்வரை நாமும் கரையில் நின்றோம்.

மறுநாள் காலை கைப்பேசியில் விசாரித்தோம். புதர் வெறுமையாக இருந்ததாம். புழுதியில் பெரிய பூனையின் தடம் கண்மாயின் மறுகரை நோக்கிச் சென்றிருந்ததாம்.